கேள்வி – பதில்: இரண்டு மூன்று ஊர் கலந்த வீடுகள்

வெவ்வேறு இனத்தவர் மணந்து உண்டான குடும்பங்களின் கதையை நாடகமாகவோ பாட்டாகவோ கண்காட்சியாகவோ வெளியே கொண்டுவர நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். மேடை, இசை, வாய்மொழி வரலாறு, பழந்துணிப் பராமரிப்பு ஆகியவற்றில் பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

நான் தமிழ், கணவர் சீனர், கான்டனீஸ் பேசும் குடும்பம். பள்ளிக் கலைவிழாவுக்குச் சிண்டியன் (சீன-இந்திய) குடும்பத்தைப் பற்றிப் பத்து நிமிட நாடகம் கேட்டார்கள். ஒருபக்கம் சேலை, மறுபக்கம் சியோங்சாம், முடிவில் எல்லாரும் கைகோத்துப் பாட்டு என்று எழுதினேன். நடிக்கப்போகும் என் பிள்ளைகளுக்கே பிடிக்கவில்லை. எங்கே தப்பு?
– வாசகி, ஈப்போ

உங்கள் நாடகத்தில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. உடையும் பாட்டும் கைகோப்பும் ஊர்வலத்துக்குப் போதும், நாடகத்துக்குப் போதாது. பிள்ளைகள் அதைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சிக்கல் உங்கள் வீட்டிலேயே தயாராக இருக்கிறது. கான்டனீஸில் அப்பாவின் அம்மாவை ‘மா மா’ என்பார்கள். தமிழில் அம்மாவின் தம்பி மாமா. தொலைபேசியை எடுத்த பிள்ளை, “மாமா மத்தியானம் வராங்களாம்!” என்று கத்திவிட்டு விளையாட ஓடிவிட்டது. வருவது யார்? அம்மா தன் தம்பி என்று நினைத்து ஆட்டிறைச்சியை வெளியே எடுக்கிறாள். அப்பா தன் தாய் என்று நினைத்து டோஃபு வாங்க ஓடுகிறார். சீனப் பாட்டிமார் பலர் சாந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மட்டுமே சாப்பிடுவார்கள். இன்று பதினைந்து. அடுப்படிச் சுவரில் தமிழ் நாட்காட்டியும் சீன நாட்காட்டியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கட்டும். சீன மாதத்தின் பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டியே வரும். ஆகவே அம்மாவே பௌர்ணமி விரதம் என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது, கை கறியில் இருக்கும்போது.

இடம் ஒன்று, அடுப்படி. பாத்திரங்கள் ஐந்து: அம்மா, அப்பா, பிள்ளை, மா மா, மாமா. முதல் நிமிடத்துக்குள் தொலைபேசி வந்துவிட வேண்டும். நான்காம் நிமிடம் வரை இரண்டு சமையலும் மோதட்டும். ஐந்தாம் நிமிடத்தில் இருவரும் ஒன்றாகவே வாசலில் நிற்கட்டும். மிச்சம், அந்தக் கறியை யார் தின்பது என்பது. அதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். உங்களுடைய முடிவைவிட நன்றாக இருக்க வாய்ப்புண்டு.

அளவு: பத்து நிமிடத்துக்கு 700 முதல் 800 சொல் போதும். பேச்சுப் போட்டியில் அதே நேரத்தில் ஆயிரம் சொல் பேசலாம், ஆனால் மேடையில் நடக்கவும் பாத்திரம் எடுக்கவும் சபை சிரித்து ஓயவும் நேரம் வேண்டும். கான்டனீஸ் வசனம் ஒவ்வொன்றும் ஆறு சொல்லுக்குள் இருக்கட்டும். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அடுத்த வசனமோ செய்கையோ பொருளைக் காட்டட்டும். பாட்டி ஏதோ சொல்கிறார், பிள்ளை நாற்காலியைக் கொண்டுவருகிறது, சபைக்குப் புரிந்துவிடும்.

இத்தகைய நாடகங்கள் பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: மற்ற இனத்தாரின் உச்சரிப்பைச் சிரிப்பாக்குவது. தமிழ்ச் சபை கைதட்டும், பாட்டியின் சொந்தக்காரர் மூன்றாம் வரிசையில் குறுகிப்போய் உட்கார்ந்திருப்பார். குழப்பத்துக்குச் சிரிக்கட்டும், குரலுக்கு வேண்டாம். பாட்டியாக நடிக்கும் பிள்ளைக்கு உங்கள் மாமியாரையே அந்த ஏழெட்டு வசனத்தைக் கைப்பேசியில் பேசித் தரச் சொல்லுங்கள். ‘மா மா’வின் தொனி தாழ்ந்து இறங்கும், தமிழ் மாமாவைப் போல் நிமிர்ந்து நிற்காது. அந்த வேறுபாடு காதில் விழுந்தால்தான் குழப்பத்துக்கே அர்த்தம். இரு பக்கத்துப் பெரியவர்களும் ஒத்திகைக்கு வந்து பார்க்கட்டும், அரங்கேற்றத்துக்கு ஒரு வாரமாவது முன்னால். கடைசி நாளில் வந்தால் எதையும் மாற்ற முடியாது.

சிங்கப்பூரில் பிறந்த பேரனுக்கு அடையாள ஆவணத்தில் இரண்டு இனமும் போடலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஜூரோங்

உண்மை. 2011 ஜனவரி முதல், வெவ்வேறு இனத்துப் பெற்றோரின் பிள்ளைக்கு இரண்டையும் இணைத்து, ‘இந்தியர்-சீனர்’ என்பதுபோல், பதியலாம். எது முன்னால் என்பதைப் பெற்றோர் யோசித்துச் சொல்ல வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இன விகிதம் போன்ற கணக்குகளுக்கு முதலில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும். தாத்தா பாட்டிகள் இதில் தலையிடாமல் இருப்பது வீட்டுக்கு நல்லது.

மலாக்கா செட்டிகளைப் பற்றிக் கதை எழுத ஆசை. நகரத்தார் செட்டியார்களும் இவர்களும் ஒன்றா? அவர்கள் பந்துன் என்னும் மலாய்ப் பாட்டுப் பாடுவார்களாமே. தமிழில் பந்துன் எழுத முடியுமா?
– வாசகர், கோலாலம்பூர்

ஒன்றல்ல. நகரத்தார் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் காலத்தில், வட்டித் தொழிலோடு மலாயாவுக்கு வந்தவர்கள். மலாக்கா செட்டிகளின் முன்னோர் அதற்கு நானூறு ஆண்டு முந்தியவர்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள். உள்ளூர் மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். 1511இல் போர்த்துக்கேயரும் 1641இல் டச்சுக்காரரும் மலாக்காவைப் பிடித்தபோதும் இந்தச் சமூகம் சைவ சமயத்தை விடவில்லை, வீட்டு மொழி மட்டும் ஒருவகை மலாயாகிவிட்டது. தங்காசாரித் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் இவர்கள் தலைவர் எழுப்பியது. இன்று குடியிருப்பு காஜா பேராங்கிலுள்ள கம்போங் சிட்டி. பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மேல்சட்டையும் சாரோங் என்ற இடுப்புத் துணியும். பெயருக்குப் பின்னால் பிள்ளை, செட்டி, நாயக்கர், பத்தர் என்று வரும். மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டத்தோ சாச்சார்’. சாச்சார் என்றால் அம்மை. போகியன்று முன்னோருக்கு இலைபோட்டுப் படைப்பது ‘பார்ச்சு பொங்கல்’. ஆண்டின் நடுவில் பழக்காலத்தில் பழங்களோடு இன்னொரு பார்ச்சு உண்டு.

கதை எழுதுகிறவர்கள் இவர்களைத் தமிழை மறந்தவர்கள் என்று இரங்கி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த இரக்கம் அவர்களிடம் கிடையாது, கதைக்கும் உதவாது. ஐந்நூறு ஆண்டாக மொழி மாறியும் படையல் மாறாத வீடு அது. யார் எதை இலையில் முதலில் வைக்கிறார், எந்தச் சாமிப் பெயரை மலாயில் எப்படி அழைக்கிறார் என்பதை நேரில் கேட்டு எழுதுங்கள். சிங்கப்பூர் கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இவர்களைப் பற்றித் தனிக் கண்காட்சியே நடத்தியது. ஆனாலும் கம்போங் சிட்டிக்குப் போய்ப் பேசாமல் எழுத வேண்டாம். போகியன்று கேமராவோடு போய் நிற்கவும் வேண்டாம். அது அவர்கள் வீட்டுத் திதி மாதிரி. விழா இல்லாத நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பந்துனுக்கு வருவோம். நாலு அடி. முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒரே ஓசையில் முடியும்; இரண்டும் நாலும் வேறோர் ஓசையில் முடியும். அடிக்கு 8 முதல் 12 அசை. இங்கே அசை என்பது யாப்பின் நேரசையோ நிரையசையோ அல்ல. வாயில் ஒரே மூச்சில் வரும் ஓசைத் துண்டு. ‘மலாயும்’ என்பது ம-லா-யும், மூன்று. முதல் இரண்டடி பெம்பாயாங், அதாவது நிழல். ஆறு, மரம், மீன், மழை என்று ஏதாவது ஒரு காட்சி. அடுத்த இரண்டடியில்தான் விஷயம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு எதுகை கைவந்த கலை என்பதே இங்கு இடைஞ்சல். நாம் அடியின் தொடக்கத்தில் ஓசையைத் தேடுவோம்; பந்துனுக்கு முடிவில் வேண்டும். ஆகவே பின்னாலிருந்து எழுதுங்கள். முதலில் மூன்றாம், நாலாம் அடிகளை, அதாவது சொல்லவந்ததை எழுதி, அவற்றின் கடைசிச் சொற்களுக்கு ஒலி ஒத்த இரண்டு சொல்லைத் தேடி, அந்தச் சொற்களில் முடியும் காட்சியைப் பிறகு போடுங்கள்.

“எங்கள் குடும்பத்தில் எல்லாரும் எல்லா மொழியும் பேசுவார்கள்” என்று தொடங்கினால் 18 அசை, பாடவே முடியாது. அதையே யார், எப்போது என்று குறுக்குங்கள். பேசுவது பாட்டி. மலாயில் தொடங்குகிறார், நடுவில் தமிழுக்கு வந்துவிடுகிறார். மூன்றாம் அடி ‘மலரும்’, நாலாம் அடி ‘ஆகும்’ என்று முடிகின்றன. ‘மலரும்’ என்பதற்கு ‘வளரும்’, ‘ஆகும்’ என்பதற்கு ‘போகும்’:

ஆற்றங் கரையில் நாணல் வளரும்,
ஆழம் பார்த்தே தோணி போகும்;
பாட்டி பேச்சில் மலாயும் மலரும்,
பாதி வழியில் தமிழென ஆகும்.

அசை 10, 8, 10, 11. நாணலும் தோணியும் பாட்டிக்கு உவமை என்று எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ‘அதுபோல’ என்று ஒரு சொல் நுழைந்தால் நிழல் போய்விடும். ஆனால் காட்சிக்கும் கருத்துக்கும் ஒட்டே இல்லாவிட்டாலும் வெறும் ஓசை விளையாட்டாகிவிடும். இங்கே தோணிக்காரன் ஆழம் பார்த்துத் திருப்புவதும் பாட்டி ஆளைப் பார்த்து மொழியைத் திருப்புவதும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவு போதும்.

இதைப் பாட்டாகக் கேட்க வேண்டுமென்றால் டொண்டாங் சாயாங் கேளுங்கள். வயலின், ரெபானா, கொங் பின்னணியில் ஒருவர் ஒரு பந்துன் பாட, எதிரிலிருப்பவர் அந்த இடத்திலேயே பதில் பந்துன் கட்ட வேண்டும். மலாக்காவில் மலாய்க்காரர், சீன வழி வந்த பாபா நியோன்யா, செட்டி, போர்த்துக்கேய வம்சத்தார் ஆகிய நாலு சமூகமும் இதைப் பாடுகின்றன. 2018இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது, பந்துன் 2020இல். நம் ஊர் எசப்பாட்டு பழகியவர்களுக்கு இந்தப் பதிலடி புதிதாக இருக்காது, மெட்டின் நிதானம்தான் பிடிபட நாளாகும். இளைஞர் கூட்டத்தில் செய்துபார்ப்பதானால் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்து எழுதிப் பாட விடுங்கள். எடுத்த எடுப்பில் வாய்ப்பாட்டாகக் கட்டச் சொன்னால் கூச்சத்தில் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பாட்டிக்கு 84 வயது. அவர் தாயார் சீனர், சிறுவயதில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாக வந்தவர். அந்தக் கதையைப் பதிவு செய்ய உட்கார்ந்தால், “அதெல்லாம் எதுக்கு” என்று எழுந்துபோய்விடுகிறார்.
– வாசகர், கிள்ளான்

“உங்க அம்மா சீனரா இருந்தது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கையில் பிடிக்கக்கூடிய ஒன்றைக் கொடுத்துக் கேளுங்கள்: பழைய தூக்குச்சட்டி, கல்யாணப் படம், அம்மா வைத்திருந்த சீப்பு. “இது யாருது? எந்த அலமாரியில இருந்துச்சு? அம்மா எந்தக் கையால பிடிப்பாங்க?” இடம், கை, நேரம் கேட்டால் பேச்சு வரும். வளர்ப்புப் பிள்ளை விஷயத்தில் வறுமையும், பெண்குழந்தை வேண்டாமென்ற வெறுப்பும் கலந்திருக்கலாம். பாட்டி தாமாக அந்த வாசலுக்கு வரும்வரை நீங்கள் தட்ட வேண்டாம்.

ஒரே தடவையில் 40, 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலையில், சாப்பிட்ட பிறகு. மின்விசிறியை நிறுத்துங்கள், வெக்கையாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விட்டுப் போடுங்கள். விசிறிச் சத்தம் பதிவில் அடைமழைபோல் விழும், பின்னால் எடுக்க முடியாது. கைப்பேசியைப் பறக்கும் நிலையில் வைத்து, பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேசைமேல் மடித்த துண்டின்மேல் வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் மேசையைத் தட்டும் ஒவ்வொரு விரலும் இடியாகக் கேட்கும். செயலியில் வேவ் வடிவமும் 48 கிலோஹெர்ட்ஸும் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 24 பிட்டில், ஒற்றை ஒலித்தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 மெகாபைட் ஆகும். முதலில் இடம் இருக்கிறதா பாருங்கள். நடுவில் நின்றுபோன பதிவுகளில் பல இடமின்மையால் நின்றவை.

பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், யார் யார் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, “பாட்டி, இதைப் பதிவு பண்றேன், குடும்பத்துல போட்டுக் காட்டலாமா? வெளியில போடலாமா?” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்தப் பதில் பதிவுக்குள்ளேயே இருக்கட்டும். மாலையில் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று.

எழுத்தாக்குவதுதான் நெடிய வேலை. தெளிவான ஒரு மணி நேரப் பேச்சுக்கே நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். மூன்று மொழி கலந்தால் இன்னும் கூடும். பாட்டி “அந்த கெடாயில போய் ரெண்டு காத்தி பீன்ஸ் வாங்கிட்டு” என்றால் அப்படியே எழுதுங்கள். கெடாயைக் கடையென்றும் காத்தியை 600 கிராமென்றும் திருத்தினால் பாட்டி ஓடிவிடுவார், பாடநூல் வந்துவிடும். புரியாத சொல் வந்தால் நிமிடமும் நொடியும் குறித்து, அடுத்த சந்திப்பில் கேளுங்கள். மறுபடி போய்க் கேட்க அது நல்ல சாக்கு.

மாமியாரின் சமையல் குறிப்புகளைச் சிறு புத்தகமாகத் தொகுக்கிறேன். மலாய், தமிழ், சீனம் எல்லாம் கலந்த சமையல். எல்லாவற்றுக்கும் “கைப்பிடி, கண் அளவு” என்கிறார்.
– வாசகி, பினாங்கு

அளவு கேட்காதீர்கள், எடையைக் கழியுங்கள். ஒவ்வொரு சாமானையும் நிறைய எடுத்து, கிண்ணத்தோடு தராசில் வைத்துக் குறியுங்கள். அவர் தம் போக்கில் அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மறுபடி நிறுத்து, குறைந்ததை எழுதுங்கள். அதே குழம்பை மூன்று தடவை இப்படிச் செய்தால் கைப்பிடியின் உண்மை அளவு வந்துவிடும். பெலாச்சானும் (இறால் விழுது) புளியும் தடவைக்குத் தடவை மாறும். அவற்றின் எடையோடு எந்தக் கடைச் சரக்கு, எவ்வளவு பழையது என்றும் குறியுங்கள். இன்னொன்று: எந்தக் குழம்பு யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். தெரியாததற்குக் கதை கட்டினால் பத்து வருடத்தில் அதுவே குடும்ப வரலாறாகிவிடும்.

பாட்டியின் இரண்டு கெபாயாக்களும் மூன்று பத்தேக் சாரோங்குகளும் என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்றில் மடிப்பு ஓரம் மஞ்சளாகிவிட்டது. பேத்தியின் நடன நிகழ்ச்சிக்கு உடுத்தலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

வியர்வை வரும் நடனத்துக்குப் பழைய கெபாயா வேண்டாம். ‘வாயில்’ என்னும் மெல்லிய துணியில் பூவேலைக்காகத் துளையிட்ட இடங்கள்தான் முதலில் கிழியும். கையைத் தூக்கினால் அக்குளில் போகும். அதன் மாதிரியில் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டு, பழையதை அரங்க வாசலில் காட்சிக்கு வையுங்கள்.

முதல் வேலை, கெபாயாவைப் பூட்டும் கெரோசாங்கைக் கழற்றுவது. தாய் ஒன்று பிள்ளை இரண்டு என்று மூன்று ஊசிகள் இருக்கும். துணியிலேயே குத்திவைத்தால் செம்பு கலந்த உலோகம் பச்சை பிடித்துத் துணியைத் தின்றுவிடும். பிறகு கஞ்சி. கஞ்சி போட்டபடி வைத்த துணி வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. தண்ணீரில் போடுமுன் வண்ண நூல் ஒவ்வொன்றின்மேலும் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அலசவே வேண்டாம், பழந்துணி பேணுபவரிடம் கொடுங்கள். ஒட்டவில்லையென்றால் தட்டையான தொட்டியில், கொசுவலைத் துணிமேல் கிடத்தி, சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டு, வலையோடு சேர்த்தே தூக்குங்கள். நனைந்த கெபாயாவைத் தோளில் பிடித்துத் தூக்கினால் தன் கனத்தாலேயே கிழியும். பிழிய வேண்டாம், வெயிலும் வேண்டாம். மஞ்சள் முழுக்கப் போகாது. போக்க நினைத்து வெளுப்பான் போட்டவர்கள் ஓட்டையோடு திரும்பினார்கள்.

வைக்கும்போது அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டிக் கைக்குள்ளும் மடிப்புக்குள்ளும் திணியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு இடத்தில் மடியுங்கள். சாரோங்கை மடிக்காமல், வெளுக்காத பருத்தி சுற்றிய அட்டைக் குழாயில் சுருட்டலாம். பிளாஸ்டிக் உறை நம் ஊர் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். அதைவிடப் பழைய பருத்தித் தலையணையுறை நல்லது. அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது. கூடவே ஒரு சீட்டில், மென்பென்சிலால், யார் எந்த நாளில் உடுத்தியது என்று எழுதிவையுங்கள். கெபாயாவை புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. உங்கள் பாட்டி உடுத்தியது அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

பள்ளி ஆண்டு விழாவில் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் வைக்கப் போகிறோம். பிள்ளைகள் பரதமும் கும்மியும்தான் பழகியவர்கள். முகத்துக்குக் கருமை பூசி ஆடுவதா என்றும் ஒரு பேச்சு வந்தது.
– ஆசிரியை, மட்டக்களப்பு

கருமை பூச வேண்டாம். இதில் இரண்டு பேச்சில்லை. இரண்டு சமூகத்தையும் குழப்பிக்கொள்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. ஆபிரிக்க வம்சாவளியினரான கஃபீர் சமூகம் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் இருக்கிறது. அவர்களுடைய பாட்டு மஞ்ஞா, தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் கரண்டியுமாகத் தாளம் போடுவது. உங்கள் ஊர்ப் பறங்கியர் போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல், டச்சுக்காரர் பிடித்தது 1638இல். பத்தே வருடம்தான், ஆனால் போர்த்துக்கேயக் கிரியோல் என்னும் கலப்பு மொழி இன்னும் அங்கே சில வீடுகளில் உண்டு, தமிழோடு கூடவே. ஆட்டத்தின் பெயரில் ஆபிரிக்கச் சாயல் இருப்பது உண்மை. அதற்கு மைப்பூச்சு மரியாதையாகாது.

தாளம் 6/8. திஸ்ர நடை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்: தகிட தகிட. சிக்கல் அங்கேதான் தொடங்கும். பரதம் பழகிய கால் மூன்று எழுத்தையும் சமமாகத் தட்டும், ஆட்டம் இறுகிவிடும். முதலில் உட்காரவைத்து, ஆறு எண்ணிக்கையில் ஒன்றிலும் நாலிலும் மட்டும் கைதட்டவிடுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு. அது நின்றதும் எழுந்து, அதே இரண்டில் எடையைக் கால் மாற்றுங்கள். முழங்கால் தளர்ந்திருக்க வேண்டும், அரைமண்டி ஆகாது. பாதத்தை ஓங்கி வைக்காமல் முன்பாதத்தில் வழுக்கவிடுங்கள். தோளும் இடுப்பும் தாமாக ஆடத் தொடங்கிய பிறகு வேகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டலாம். எல்லாரும் சபையைப் பார்த்து வரிசையில் நின்றால் அது கும்மியாகிவிடும். இது சோடி ஆட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். வெட்கப்படும் வயதென்றால் பெண்பிள்ளைகளே சோடியாக ஆடட்டும்.

பாட்டை இணையத்திலிருந்து எடுக்க வேண்டாம். ஊரிலேயே கிரியோல் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து வரிவரியாகச் சொல்லக் கேட்டு, தமிழெழுத்தில் எழுதி, பொருளையும் கேட்டு வாங்குங்கள். வயலினுக்கும் அவர்களிடமே ஆள் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் ‘விருந்தினர்’ என்று போடாமல் ‘பயிற்சி’ என்று அந்தப் பெரியவர் பெயரைப் போடுங்கள்.

என் பாட்டனார் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர், பாட்டி தமிழ். நூற்றுக்கும் மேல் பழைய படங்கள். கிறிஸ்துமஸுக்குத் தெருவிலேயே சிறு கண்காட்சி வைக்க எண்ணம்.
– வாசகர், பெரம்பூர்

ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையில் நுழைத்து மெல்ல இழுத்தால் பசை விடும். விடாவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தொடவே வேண்டாம். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். 4 × 6 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி போதும், 2,400 × 3,600 வரும். தீப்பெட்டி அளவுப் படங்களுக்கு 1,200. மூலக்கோப்பை டிஃப் வடிவில் வைத்து, அச்சுக்கும் அனுப்பவும் ஜேபெக் எடுங்கள். நூறையும் மாட்டாதீர்கள். 25 போதும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில். குறிப்பு 50 சொல்லுக்குள், எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல். தெருவில் வயதானவர்கள் கண்ணாடி எடுத்துவர மறந்திருப்பார்கள்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எங்களுக்குக் கவலை. இந்திய அரசமைப்பின் 366(2) பிரிவு, தந்தைவழியில் ஐரோப்பிய மூதாதை உள்ளவரையே ஆங்கிலோ இந்தியர் என்கிறது. குடும்பங்களும் அதே வழியில்தான் படத்துக்குப் பெயர் எழுதிவந்தன: துரை பெயர், வேலை, பதவி, பக்கத்தில் ‘அவர் மனைவி’. உங்கள் பாட்டியையும் அவருடைய மாமியாரையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பெயர் தெரியாதென்றால் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் தேடலாம். இன்னும் பழைய தலைமுறைக்கு, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகள் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. அவற்றில் இந்தியத் தாயின் இடத்தில் ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. அப்படியானால் குறிப்பில், ‘பதிவேட்டில் பெயர் எழுதப்படவில்லை’ என்றே போடுங்கள். ‘தெரியவில்லை’ என்று போட வேண்டாம்.

‘சட்டைக்காரர்’ என்ற பழைய சொல்லைக் குறிப்பில் யோசித்துப் போடுங்கள். சில வீடுகளில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சில வீடுகளில் அது புண்படுத்தும் சொல். படத்திலிருப்பவரின் பிள்ளைகளைக் கேட்டுவிடுவது எளிது. சுவரோரம் ஒரு நோட்டும் கயிற்றில் கட்டிய பென்சிலும் வையுங்கள். “இடமிருந்து மூன்றாவது எங்கள் அத்தை” என்று யாராவது எழுதுவார்கள். அன்றிரவே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள், நோட்டுகள் காணாமல் போகும்.